வரலாறு வாடகைக்கு விடப்படும்

தெருவில் நடக்கும்போது கேட்டில் தொங்கும் அட்டையைப் பார்த்திருப்பீர்கள். 'வீடு வாடகைக்கு விடப்படும். சைவம் மட்டும். புரோக்கர்கள் தொந்தரவு செய்ய வேண்டாம்.' அமெரிக்காவில் ஒரு வீட்டு வாசலில் இருபது வருடத்துக்கும் மேலாக இப்படி ஓர் அட்டை ஆடிக்கொண்டிருக்கிறது. வீட்டின் பெயர் வரலாறு. பழைய கட்டடம்தான், ஆனால் இடத்துக்குக் குறைவில்லை. எந்த அறையைத் திறந்தாலும் நாலு பிணம் கிடக்கும். குடிவருகிறவர்களுக்கு அதில் சங்கடம் ஒன்றும் இல்லை. பிணம் தண்ணீர் மோட்டார் போடச் சொல்லாது, கரண்ட் பில்லில் பங்கு தராமல் இழுத்தடிக்காது, சுவரில் ஆணி அடித்தால் சண்டைக்கு வராது. வீட்டுக்காரர் செத்துப்போய் ரொம்ப நாளாகிறது. சாவி புரோக்கர் கையில்.

புரோக்கரின் பெயர் தி ஹிஸ்டரி சேனல். 1995 ஜனவரி 1 அன்று கடையைத் திறந்தார்கள். இரண்டாம் உலகப் போரையே திருப்பித் திருப்பி ஓட்டியதால் அந்த ஊர்க்காரர்களே அதற்கு 'ஹிட்லர் சேனல்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அதுகூடத் தேவலை, ஹிட்லர் என்று ஒருவர் நிஜமாகவே இருந்தார். பிறகு ஹிட்லரும் போரடித்தார். உறைபனியில் லாரி ஓட்டுகிறவர்கள் வந்தார்கள், அடகுக்கடைக்காரர்கள் வந்தார்கள், வேற்றுக்கிரகவாசிகளும் வந்து இறங்கினார்கள். 2008-ல் பெயரிலிருந்து முன்னும் பின்னும் வெட்டி, வெறும் 'ஹிஸ்டரி' என்று ஆக்கிக்கொண்டார்கள். வரலாற்றைக் காட்டுகிற சேனல் என்றால் கௌரவக் குறைச்சலாம். வரலாறே அவர்கள்தானாம். 2011-ல் இந்தியாவில் கிளை திறந்தபோது வரலாற்றின் முகமாகக் கொண்டுவந்து நிறுத்தியது சல்மான் கானை. வரலாற்றாசிரியர் ரொமிலா தாப்பரின் கால்ஷீட் கிடைத்திருக்காது.

2004 கோடையில் இந்த சேனலில் 'டெசிசிவ் பேட்டில்ஸ்' என்றொரு தொடர் ஆரம்பமானது. பழங்காலத்துப் பெரும்போர்களைப் பற்றி 13 பகுதிகள், பகுதிக்கு அரை மணி நேரம். தொகுத்து வழங்கியவர் 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்' தொடரில் நடித்த மேத்யூ செட்டில். போர்க்களக் காட்சிகளில் ஆயிரக்கணக்கான வீரர்கள் அணி அணியாக நகர்ந்தார்கள். அத்தனை பேரையும் பெற்றெடுத்தது இங்கிலாந்தில் ஹார்ஷம் என்ற ஊரில் இருக்கும் கிரியேட்டிவ் அசெம்ப்ளி என்ற நிறுவனம். 'ரோம்: டோட்டல் வார்' என்ற தங்கள் போர் உத்தி விளையாட்டுக்காக அவர்கள் எழுதியிருந்த எஞ்சினில் ஓடிய காட்சிகள் அவை. தொடர் ஆரம்பித்துச் சில வாரங்களில், அதே ஆண்டு செப்டம்பரில், விளையாட்டு கடைக்கு வந்தது. அமெரிக்காவில் ஆக்டிவிஷன் அதை விற்றது.

இது விளம்பரமா நிகழ்ச்சியா என்று கேட்பது பழைய ஆட்களின் பழக்கம். எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. விளம்பரம் என்றால் நடுவில் வரும், நாம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவோம். இங்கே விளம்பர இடைவேளைக்கு முன்னும் விளம்பரம், பின்னும் விளம்பரம். கூலிக்கு ஆயிரம் பேரைப் பிடித்து, தகரக் கவசம் மாட்டி, குதிரைக்குப் புல் போட்டு, மதியம் சாப்பாடு போட்டுப் போரைப் படமெடுக்க எந்த சேனலுக்கும் மனசு வராது. விளையாட்டுக் கம்பெனியிடமோ சம்பளமும் சாப்பாடும் கேட்காத படை தயாராக இருக்கிறது. ஆனால் 'இது வெறும் பொம்மைச் சண்டை இல்லை, இதில் விஷயம் இருக்கிறது' என்று சொல்ல ஒரு பெரிய மனிதர் வேண்டும். படை இவர் தருவார், பெரியமனிதத்தனம் அவர் தருவார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நம் பாட்டிகள் ஒரே வரியில் முடித்த விஷயத்துக்கு இவர்கள் 'மார்க்கெட்டிங் பார்ட்னர்ஷிப்' என்று நாக்கு சுளுக்குகிற பெயர் வைத்திருக்கிறார்கள்.

நெய் யாருடையது என்று பார்ப்போம். அந்தத் தொடரில் வந்த போர்களில் ஒன்று கன்னே. கி.மு. 216 ஆகஸ்ட் 2. தென் இத்தாலியில் ஆற்றங்கரையில் ஒரு சமவெளி. ஹன்னிபாலின் கார்த்தேஜியப் படை ரோமானியர்களை நாலு பக்கமும் மறித்துக்கொண்டு, சாயங்காலம் வரை வெட்டியது. லிவி என்ற ரோமானிய வரலாற்றாசிரியர் தரும் கணக்கில் செத்தவர்கள் 45,500 காலாட்கள், 2,700 குதிரை வீரர்கள். கிரேக்கரான பொலிபியஸ் சுமார் 70,000 என்கிறார். மறுநாள் காலை களத்தில் கண்டதையும் லிவி எழுதியிருக்கிறார். தரையில் தாங்களே கையால் குழி பறித்து, அதற்குள் தலையை விட்டு, முகத்தின் மேல் மண்ணைத் தள்ளிக்கொண்டு, மூச்சு முட்டிச் செத்துக் கிடந்தவர்கள் சிலர். வெட்டுப்பட்ட வலி தாங்காமல், கொல்ல ஆள் வராமல், தன் சாவைத் தானே தோண்டிக்கொண்டவர்கள்.

தலையைக் குழிக்குள் விடும் அசைவை எந்த விளையாட்டின் அனிமேட்டரும் வரைந்ததாக நான் பார்த்ததில்லை. விளையாட்டில் ஒரு போரை ஆடி முடித்தால் ஒரு பலகை வருகிறது. எத்தனை பேர் கொன்றாய், எத்தனை பேர் இழந்தாய், நடுவில் பெரிய எழுத்தில் 'வீரதீர வெற்றி'. நம் ஊர் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் ஞாபகம் வருகிறது. செத்தவர் படம் பாஸ்போர்ட் அளவில் மூலையில் இருக்கும். வட்டச் செயலாளரும் ஒன்றியச் செயலாளரும் கைகூப்பிக்கொண்டு ஆளுயரத்தில் நிற்பார்கள். நம்மவர்களாவது ஃபிளெக்ஸ் அடிக்கக் கைக்காசு போடுகிறார்கள். கன்னேயின் ஃபிளெக்ஸில் செத்தவர்களுக்கு அந்த மூலையும் கிடையாது. ஒரே முகத்தை ஆயிரம் தடவை நகல் எடுத்து ஒட்டி, மேலே சேனல் லோகோவும் கீழே விளையாட்டின் பெயரும் போட்டு, வசூலும் பண்ணிவிட்டார்கள்.

பிரிட்டிஷ்காரர்கள் இதையே கொஞ்சம் நாசூக்காகச் செய்தார்கள். ரோம் விளையாட்டு கடைக்கு வர ஒரு வருடம் இருக்கும்போதே, 2003-ல், பி.பி.சி. இரண்டாம் சேனலில் 'டைம் கமாண்டர்ஸ்' ஆரம்பித்துவிட்டது. நாலு பேரைக் கூட்டிவந்து, பெரிய திரைமுன் நிறுத்தி, இதோ பழைய போர், நீங்கள் நடத்துங்கள் என்பார்கள். இரண்டு பேர் தளபதி, இரண்டு பேர் உபதளபதி. அவர்கள் பதறி, கத்தி, குதிரைப்படையைத் தவறான பக்கம் அனுப்பித் தோற்பார்கள். ஓரத்தில் இரண்டு நிபுணர்கள் உச்சுக் கொட்டுவார்கள். பார்க்க ரொம்ப சுவாரஸ்யமாக இருக்கும், பொய் சொல்லக் கூடாது. நானே தேடித்தேடிப் பார்த்தவன்தான். அதே எஞ்சின்தான் அங்கும் ஓடியது. ஆனால் பி.பி.சி. மக்களிடம் வீட்டுக்கு வீடு கட்டணம் வாங்கி நடக்கிற நிறுவனம்; பெயர் சொல்லிச் சரக்கு விற்கக் கூடாது என்று கட்டுப்பாடு. அதனால் அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லாமல் 'அவுக' என்று காலம் தள்ளியதைப் போல, பி.பி.சி.யும் தள்ளியது. ஊருக்கே தெரியும் அவுக யார் என்று. விளையாட்டு ரசிகன் ஒவ்வொருவனுக்கும் தெரியும். கட்டுப்பாடும் காப்பாற்றப்பட்டது, குடித்தனமும் நடந்தது. 2016-ல் பி.பி.சி. நான்காம் சேனலில் மறுபடி ஒரு ரவுண்டு வந்தார்கள். தொகுப்பாளராக, அப்போது சமையல் போட்டி நடத்திக்கொண்டிருந்த கிரெக் வாலஸ். போர் என்றாலும் சமையல் என்றாலும் கடைசியில் மார்க்குதானே.

சரி, பெரிய மனிதர் கையெழுத்துப் போட்ட சரக்கின் தரம் என்ன? ரோம் விளையாட்டு கி.மு. 270-ல் தொடங்குகிறது. அப்போது எகிப்தை ஆண்டவர் இரண்டாம் தாலமி. அலெக்சாண்டரின் மாசிடோனியத் தளபதி ஒருவரின் மகன். அரண்மனையில் கிரேக்கம் பேசினார்கள், படை நீள ஈட்டி ஏந்திய கிரேக்கப் பாணிப் படை. விளையாட்டில் எகிப்து எப்படி இருக்கிறது? தங்கப்பட்டை போட்ட தலைத்துணி, தேர், வில், மேல்சட்டை இல்லாத கறுத்த உடம்பு. சுமார் எண்ணூறு வருடத்துக்கு முந்தைய ஃபேரோக்களின் படை. புரியும்படி சொல்கிறேன். இன்று ஸ்பென்சர் பிளாசா சிக்னலில் நிற்கும் போக்குவரத்துக் காவலருக்கு மூன்றாம் ராஜராஜன் காலத்து வேல் ஒன்றைக் கொடுத்து, 'இவர்தான் சென்னை மாநகரக் காவல்' என்று காட்டினால் எவ்வளவு பொருத்தமோ அவ்வளவு. ஏன் இப்படி? எகிப்து என்றால் மம்மியும் ஃபேரோவும்தான் ஜனங்களுக்குத் தெரியும், கிரேக்கம் பேசும் எகிப்தைக் காட்டினால் சரக்கு அடையாளம் தெரியாது. போதாததற்கு ரோமானியர்களுக்கு முகமூடி போட்ட நிஞ்சா மாதிரி ஒரு படைப்பிரிவு. ஜெர்மானியர்களுக்குக் கூச்சல் போடுவதையே தொழிலாகக் கொண்ட பெண்கள் படை. பிரிட்டானியர்களுக்கு வெட்டிய தலையை எறிகிறவர்கள். விளையாட்டாக இருக்கும் வரை இதெல்லாம் போகட்டும் என்று விட்டுவிடுவேன். கோமாளிக்குக் கிளிமூக்கு ஒட்டக் கூடாது என்று யார் சொன்னது? ஆனால் பக்கத்தில் 'வரலாறு' என்ற பெயர்ப்பலகையோடு ஒருவர் கோட்டு போட்டு நின்று தலையாட்டும்போதுதான் வயிறு எரிகிறது.

தலையாட்டாதவர்கள் யார் என்றால், காசு கொடுத்து வாங்கியவர்கள். இந்தக் கூத்தைப் பார்த்துக் கடுப்பான ரசிகர்கள் இணையத்தில் கூடி, 'யூரோபா பார்பரோரம்' என்ற பெயரில் அந்த விளையாட்டையே பிரித்து மேய்ந்து திருப்பிக் கட்டினார்கள். எகிப்தைத் தாலமிகளிடம் ஒப்படைத்தார்கள். கவசத்துக்கும் கேடயத்துக்கும் தொல்லியல் ஆதாரம் தேடினார்கள். ரோமானியன் லத்தீனிலும் கெல்ட்காரன் பழைய கெல்டிக்கிலும் பேசும்படி குரல் பதிந்தார்கள். ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதினார்கள். எல்லாம் இலவசம், வேலை முடிந்து வந்து ராத்திரி கண்விழித்துச் செய்தது. வரலாற்றின் பெயரில் கல்லா கட்டுகிறவர்கள் விட்ட பிழையை, அதற்குக் காசு கொடுத்து ஏமாந்தவர்கள் கைக்காசையும் தூக்கத்தையும் போட்டுத் திருத்தினார்கள். உலகத்திலேயே ஹோட்டலில் சாம்பார் சரியில்லை என்று வாடிக்கையாளரே சமையலறைக்குள் போய்ப் பருப்பு வேகவைத்து, எல்லா மேஜைக்கும் பரிமாறி, பில்லும் கட்டிவிட்டுப் போகிற தொழில் இது ஒன்றுதான்.

பெரியமனிதத்தனத்துக்குத் தனி விலை உண்டு என்று தெரிந்துகொண்ட புரோக்கர், பிறகு பெயரையே நேரடியாக வாடகைக்கு விட ஆரம்பித்தார். 2006-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர், 2007-ல் பசிபிக் போர், இரண்டும் துப்பாக்கி விளையாட்டுகள், இரண்டும் சேனல் பெயரோடு. அதே 2007-ல் ஸ்லிதரின் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் 'கிரேட் பேட்டில்ஸ் ஆஃப் ரோம்', 2010-ல் 'கிரேட் பேட்டில்ஸ் மெடீவல்', பிறகு ஜெனரல் பேட்டனின் பெயரில் ஒன்று. எல்லாவற்றின் அட்டையிலும் அந்த 'எச்' எழுத்து, நம் ஊர் நெய் டப்பாவில் அக்மார்க் முத்திரை மாதிரி. ஆனால் அக்மார்க் குத்த டப்பாவைத் திறந்து மோந்தாவது பார்ப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பசிபிக் விளையாட்டை ஆடிப்பார்த்த விமர்சகர்கள் அதைத் துவைத்துக் காயப்போட்டார்கள். அம்மா அப்பாக்கள் வாங்கினார்கள். பையன் கேம் கேம் என்று உயிரை வாங்குகிறான், இதில் 'ஹிஸ்டரி' என்று போட்டிருக்கிறது, படித்த மாதிரியும் ஆச்சு என்று வாங்கினார்கள். பெற்றோரின் அந்தப் பயந்த நல்லெண்ணம்தான் வாடகைக்குப் போன உண்மையான சொத்து.

2010 ஒரு விசேஷமான வருடம். அந்த ஆண்டு சேனல் பெயரைத் தாங்கி எகிப்தைப் பற்றி ஓர் உத்தி விளையாட்டும் வந்தது. மனிதப் பொறியாளர்கள் எப்படிப் பேரரசைக் கட்டினார்கள் என்று காட்டிய 'எஞ்சினியரிங் அன் எம்பயர்' என்ற தங்கள் தொடரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அதே 2010-ல்தான் 'ஏன்ஷியண்ட் ஏலியன்ஸ்' வாராந்தரத் தொடராகக் கிளம்பியது. பிரமிடைக் கட்டியது மனுஷன்தானா, மேலே இருந்து யாராவது உதவினார்களா என்று முடியைச் சிலுப்பிக்கொண்டு ஒருவர் கேட்டார். ஆக ஒரே வருடம், ஒரே முத்திரை: விளையாட்டில் பிரமிடைக் கட்ட நீங்கள் கல்லும் கூலியாளும் சேர்த்து முதுகு ஒடிய வேண்டும், டி.வி.யைப் போட்டால் அந்தக் கூலியாளின் வேர்வையைக் கொண்டுபோய் பறக்கும் தட்டுக்காரன் கணக்கில் எழுதிவிடுவார்கள். நாலாயிரத்தைந்நூறு வருடம் முன்பு வெயிலில் கல் இழுத்தவனுக்குப் பேரப்பிள்ளை இருந்து கேஸ் போட முடியாது என்ற தைரியம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய விளையாட்டில் வடக்குக்கும் தெற்குக்கும் சரிபாதியாகக் களங்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். நடுநிலை! நாற்பது லட்சம் மனிதர்களைச் சொத்தாக வைத்திருக்கும் உரிமைக்காக ஒரு தரப்பு எழுந்த போர் அது. அதில் இரண்டு பக்கமும் மாறி மாறி நின்று சுடலாம். நம் ஊர்ப் பட்டிமன்றத்தில் 'குடும்பத்தில் நிம்மதி தருவது மாமியாரா மருமகளா' என்று அணி பிரிப்பார்களே, அதே பெருந்தன்மை.

இப்போது என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏதோ மடத்திலிருந்து இறங்கி வந்தவன் மாதிரி ஆகிவிடும். 2005-ல் பர்மா பஜாரில் பேரம் பேசி, மார்க்கர் பேனாவில் 'ரோம் 1, 2, 3' என்று எழுதிய மூன்று சிடி வாங்கினேன். திருட்டு சிடிதான். இரண்டாவது சிடி பாதியில் நின்று, பனியனால் துடைத்து, மறுபடி போட்டு ஓடியது. அன்று ராத்திரி உட்கார்ந்தவன் விடியும்போது சிசிலியைப் பிடித்திருந்தேன். ஸ்கிப்பியோ குடும்பத்தின் சார்பில் ஆடினேன். இரண்டு வாரம் கழித்து கார்த்தேஜின் மதில் என் கையால் இடிந்தது.

ஊரைப் பிடித்ததும் ஒரு சின்ன பலகை வரும். அதில் மூன்று பொத்தான்கள். ஊரை அப்படியே எடுத்துக்கொள். ஜனங்களை அடிமையாக்கு. ஜனங்களை அழித்தொழி. முதல் பொத்தானை அமுக்கினால் கலகம் வரும், காசும் குறைவு. இரண்டாவதை அமுக்கினால் பிடிபட்டவர்கள் உன் ஆளுநர்கள் இருக்கும் ஊர்களுக்குப் பங்கு பிரித்து அனுப்பப்பட்டு, அங்கே மக்கள்தொகை ஏறும், ஊர் வளரும். மூன்றாவதை அமுக்கினால் நாலில் மூன்று பங்கு ஜனம் காலி, கஜானாவில் கொத்தாகப் பணம், மிச்சம் இருப்பவன் வாயைத் திறக்க மாட்டான். எந்தப் பொத்தானுக்கும் மற்றதைவிட எழுத்து சிறிதில்லை, நிறம் வேறில்லை. வங்கி இயந்திரத்தில் சேமிப்புக் கணக்கா நடப்புக் கணக்கா என்று கேட்கிற அதே அமைதி.

நான் இரண்டு நாளில் ஃபார்முலாவைப் பிடித்துவிட்டேன். பக்கத்து ஊர் என்றால் அடிமை, தூரத்து ஊர் என்றால் அழிப்பு. தூரத்து ஊரில் காவலுக்கு ஆள் வைத்துக் கட்டுப்படியாகாது. நிஜமான கார்த்தேஜ் கி.மு. 146-ல் விழுந்தபோது, உள்கோட்டையிலிருந்து 50,000 பேர் உயிரோடு வெளியே வந்ததாக அப்பியன் என்ற பழைய வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். பிடிபட்டவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். அதை நான் படித்தது பின்னால், பல வருடம் கழித்து. படித்ததும் முதலில் மனதில் ஓடியது என்ன தெரியுமா? 'இரண்டாவது பொத்தான்.' வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் ஓடியது. வரலாறு எனக்கு இப்படித்தான் கற்பிக்கப்பட்டிருக்கிறது. 'விளையாட்டு வழியாகப் பிள்ளைகளுக்கு வரலாற்று ஆர்வம் வருகிறது' என்று கூட்டணிக்காரர்கள் மேடைக்கு மேடை பேசுவார்கள். வந்ததே எனக்கு. எப்படிப்பட்ட ஆர்வம் என்பதைத்தான் எவரும் கேட்கவில்லை.

இந்த ஒப்பந்தங்களில் எல்லாரிடமும் அனுமதி வாங்குகிறார்கள் என்பதுதான் இன்னும் ஆத்திரம். லோகோவை எத்தனை மில்லிமீட்டரில் போடுவது என்று அனுமதி. காட்சித்துண்டை எத்தனை விநாடி ஓட்டுவது என்று அனுமதி. குரல் கொடுத்த நடிகருக்கு ஒப்பந்தம், இசைக்கு ஒப்பந்தம், எழுத்துருவுக்குக்கூட உரிமம். செத்தவர்களின் ஜனங்களிடம் மட்டும் கேட்பதில்லை. பவுண்ட்மேக்கருக்கு என்ன நடந்தது? கனடாவின் க்ரீ மக்களின் தலைவர் அவர். சமாதானத்துக்காக நின்றவர். 1885-ல் தேசத்துரோகக் குற்றம் சாட்டிச் சிறையில் அடைத்தார்கள்; வெளியே வந்து சில மாதத்தில் செத்துப்போனார். 2018-ல் 'சிவிலைசேஷன் 6' விளையாட்டின் விரிவாக்கத்தில் அவரை ஒரு தலைவராகச் சேர்த்து, முன்னோட்டப் படமெல்லாம் விட்டுக் கொண்டாடினார்கள். நிலத்தைப் பிடி, எல்லையை விரி, அடுத்தவனை முந்து என்பதுதான் அந்த விளையாட்டின் பிழைப்பே. பவுண்ட்மேக்கர் க்ரீ மக்களின் தலைவர்களில் ஒருவரான மில்டன் டூட்டூசிஸ் வெளிப்படையாகவே எதிர்த்தார். எங்கள் ஜனங்களும் காலனிக்காரர்களைப் போலவே அடுத்தவர் நிலத்தைப் பிடிக்க அலைந்தவர்கள் என்ற பொய்யை இது வளர்க்கிறது என்றார். அப்போது கனடா அரசின் கணக்கில் பவுண்ட்மேக்கர் குற்றவாளிதான். குற்றமற்றவர் என்று பிரதமர் ட்ரூடோ அறிவித்தது 2019 மே மாதம். அரசு மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு வருடம் முன்பே சந்தை அவரைக் கதாநாயகனாக்கிவிட்டது.

கேட்கவே முடியாத காரியமும் இல்லை. சிவிலைசேஷனைச் செய்த அதே நிறுவனம் ஏழாம் பாகத்தில் அமெரிக்கப் பூர்வகுடிகளான ஷானி மக்களைச் சேர்க்கும்போது அவர்களிடம் போய் உட்கார்ந்து, மொழி முதல் உடை வரை கேட்டுத்தான் செய்தது. கதவைத் தட்டினால் திறக்க ஆள் இருந்திருக்கிறது. அத்தனை வருடம் தட்டவில்லை.

இந்த இடத்தில் நம்மவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ரோமானியனுக்கும் க்ரீ மக்களுக்கும் வந்தால் நமக்கென்ன? 2022 ஏப்ரலில் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டுக்கு 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற விரிவாக்கம் வந்தது. அதில் திராவிடர்கள் என்றொரு இனம், ராஜேந்திர சோழனின் படையெடுப்பு ஒரு கதை. வாட்ஸ்அப் குழுக்களில் அன்று பொங்கலும் தீபாவளியும் சேர்ந்து வந்தது. நானும் ஒரு நண்பருக்கு இதயம் அனுப்பினேன். திராவிடர்களின் சிறப்பு வீரன் களரிக்காரர்களின் உருமியைச் சுழற்றிக்கொண்டு வருகிறான். யானைகள் தானே காயம் ஆற்றிக்கொள்ள 'மருத்துவப் படை' என்றொரு தொழில்நுட்பம். சோழர் காலத்தில் எந்த ஊரில் உருமியோடு காலாட்படை அணிவகுத்தது என்று எங்கள் குழுவில் யாரும் கேட்கவில்லை. எகிப்துக்காரனுக்கு ஃபேரோ தொப்பி மாட்டியபோது சிரித்தவர்கள் நாங்கள். நமக்கு மாட்டிய தொப்பி அளவு சரியாக இருந்தது. கடாரத்தில், 1025-ல், சோழக் கப்பலைக் கடலில் கண்டு கதவைச் சாத்திய வீட்டுக்காரனைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. அவன் மலேசியாவில் எங்கோ இருந்து இதயம் அனுப்ப மாட்டான் அல்லவா? நாளைக்கே ஒரு தமிழ் சேனல் ஒரு விளையாட்டுக் கம்பெனியோடு கைகோத்து, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோபுரத்தின் மேல் லோகோவைச் சாத்தி, 'உங்கள் வாளை இப்போதே டவுன்லோட் செய்யுங்கள்' என்றால் வரிசையில் முதல் ஆளாக நிற்கப்போவது நாம்தான். டீசர் வெளியீட்டுக்கு அமைச்சர் வருவார். வரலாற்றுப் பேராசிரியர்கள் முன்வரிசை நாற்காலிக்குச் சண்டை போடுவார்கள்.

போன மாதம் மதுரையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். எட்டாவது படிக்கிற பையன் சோபாவில் குப்புறக் கிடந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான். எட்டிப்பார்த்தால் அதே ரோம். இருபது வருடம் முன்பு மூன்று சிடியில் திணறியது, இப்போது போனிலேயே ஓடுகிறது. அக்கா சமையல்கட்டிலிருந்து, "அது ஹிஸ்டரி கேம்டா, அதனாலதான் விட்டுவச்சிருக்கேன்" என்றாள். பையன் வேர்த்த கட்டைவிரலை டிராயரில் துடைத்துக்கொண்டு போனை என் பக்கம் நீட்டினான். மதில் புகைந்துகொண்டிருந்தது. நடுவில் அந்தப் பலகை.

"மாமா, நீங்க இதுல பெரிய ஆளுன்னு அம்மா சொல்லுச்சு. எத அமுக்க?"

ஊர்ப் பெயரைப் பார்த்தேன். தலைநகரத்திலிருந்து ரொம்ப தூரம். வாயைத் திறப்பதற்குள் அவன் மூன்றாவதை அமுக்கிவிட்டான்.

"தூரத்து ஊரு மாமா, இங்கல்லாம் ஆளு போட்டுக் கட்டுப்படியாகாது" என்றான்.